சகலையின் காதும் ஒரு கார்னெட்டும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று ஆசிரியை என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட நான், எந்தக் காலத்திலோ செத்துப்போன, கார்னெட் ஊதிய ஒருவரைப் பற்றி நாலு பேர் முன்னால் வாய் கிழியப் பேசுகிறேன் என்றால் அதற்கு என் சகலைதான் காரணம். அவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். அவர் எழுத மாட்டார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் நமக்கு இரண்டு கொட்டாவி வந்துவிடும்.

நாங்கள் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவர் அக்காவை, நான் தங்கையை. இருவருக்கும் ஒரே ஆபீஸ், குடிநீர்க் குழாய்ப் பிரிவு. தரைக்கு அடியில் பைப் எங்கே ஒழுகுகிறது என்று அவர் காதால் கண்டுபிடித்துத் தரையில் வெள்ளை வட்டம் போடுவார். அந்த வட்டத்தில் நானும் என் ஆட்கள் நாலு பேரும் தோண்டுவோம். அவருடைய கருவி ஒரு இரும்புக் கம்பி, நெஞ்சு உயரம் இருக்கும். கீழ்முனை கூர்மை, மேல்முனையில் கிண்ணம் மாதிரி ஒரு பித்தளை மூடி. ராடு என்போம். கூர்முனையை வால்வின் மேலோ தரையிலோ ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மின்சாரக் கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகிறது.

ஆபீஸில் அவருக்குப் பெயரே 'காது'தான். "காது வந்தாச்சா?", "காதுக்கு டீ சொல்லு" என்றுதான் பேச்சு. பதினோரு வருஷத்தில் அவர் வட்டம் போட்டு நான் தோண்டிய குழிகள் அறுநூறுக்கு மேல். அதில் பொய்த்தவை பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதையும் நான் மறக்கவில்லை, அவரையும் மறக்க விட்டதில்லை. ஆனால் வெளியாள் யாராவது அவரைக் குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வருஷம் ஒரு தடவை காது டெஸ்ட் உண்டு. தேறாதவர்கள் ராடை ஒப்படைத்துவிட்டுப் புகார் கவுன்டரில் போய் உட்கார வேண்டும். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைப் போனில் கேட்டு, அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கென்றால் அது சொர்க்கம். சகலைக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

கார்னெட் விஷயம் ஆரம்பித்தது ஒரு இசைப் பள்ளியில். கட்டடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஈரம் ஏறியிருந்தது. சகலை சுவரோரம் இருந்த வால்வில் ராடை ஊன்றிக் கண்ணை மூடினார். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. மண்வெட்டியைப் பிடித்தபடி நாங்கள் ஐந்து பேரும் தேமே என்று நின்றோம்.

"சகல, லீக் இருக்கா இல்லையா?"

கையை உயர்த்தி என்னை அடக்கினார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ ஊதுறாங்க" என்றார்.

"எங்க?"

"பைப்புக்குள்ள."

என் ஆட்களில் மூத்தவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முடிந்தது கதை, மனுஷருக்கு மறை கழன்றுவிட்டது என்று நானும் நினைத்தேன். ராடை வாங்கிக் காதில் வைத்தால் எனக்கு வழக்கம்போல ஒரு எழவும் கேட்கவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது நூலக அறை. அங்கே இசைத்தட்டு ஓடும் மேசையைச் சுவரோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். ஆணி போன இடத்துக்குப் பின்னால் பைப் ஏறுகிறது. தட்டில் ஓடியது பலகை வழியாகவும் ஆணி வழியாகவும் பைப்புக்குள் இறங்கிக் கீழே சகலையின் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. லீக்கையும் அன்றைக்கே அதே வால்விலிருந்து நாலடி தள்ளிக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வட்டம் போட்ட கையோடு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் மாடிக்குப் போனார். பதினோரு வருஷத்தில் நான் தோண்டும்போது அவர் பக்கத்தில் இல்லாமல் போனது அன்று ஒரு நாள்தான்.

நூலகர் ஒல்லியான, கறாரான அம்மா. ஓசி விளக்கம் யாருக்கும் சொல்கிறவர் இல்லை. சகலை கேட்கிற விதத்தைப் பார்த்தோ என்னவோ, உட்காரவைத்துச் சொன்னார். "இது கார்னெட். ட்ரம்பெட்டுக்குக் குட்டையான ஒறவுக்காரன்னு வச்சுக்கங்க. ஜாஸ் ஆரம்பிச்ச புதுசுல பதிஞ்சது. அப்ப மைக் கெடையாது. பெரிய தகரக் கூம்பு ஒண்ணு இருக்கும், அதுக்கு முன்னால நின்னு ஊதணும். அந்த அதிர்வுல ஊசி மெழுகக் கீறும், அவ்வளவுதான். இவர் பதிஞ்சது மொத்தம் பதினோரு பாட்டு. ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம். அதுக்கப்புறம் என்ன ஆனார்னு தெரியல. ஒரு போட்டோ கூட இல்ல."

ஜாஸ் என்றால் ஆளாளுக்குக் கத்துவது என்று நினைத்திருந்தேன். பிறகு சகலை வீட்டில் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கே புரிந்தது, இந்த ஆள் கத்துவதில்லை. எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கிற கல்யாண வீட்டில் குரலை உயர்த்தாமல் ஒரு வார்த்தை சொல்லி எல்லோரையும் உட்காரவைக்கிற பெரிய மனுஷர் ஒருவர் இருப்பாரே, அந்த ரகம். ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டு திரண்டு வரும். ஆரம்பம் தெளிவாக இருக்கும், ஆனால் குத்தாது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வருவார், தாமதம் என்றும் சொல்ல முடியாது. மேல் ஸ்தாயிக்குப் போனாலும் நெற்றி நரம்பு புடைப்பது நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட, ஒரு ஸ்வரத்தை அவர் விடுகிற விதம். தோளில் தூங்கிப்போன குழந்தையைப் படுக்கையில் இறக்குவதுபோல, எந்த நொடியில் கையை எடுத்தார் என்றே தெரியாமல் விடுவார். சகலை மயங்கியது அங்கேதான்.

அந்தப் பாட்டுகளைச் சுத்தம் செய்து புதுப்பித்த பதிப்பு ஒன்று கடையில் கிடைத்தது. சகலை ஆசையாக வாங்கிவந்து போட்டார். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சகலை நடுவிலேயே எழுந்து நிறுத்திவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அழுக்கத் தொடைக்கிறேன்னு ஆளையே தொடச்சிட்டாங்க" என்றார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"ஸ்வரம் முடியற எடத்தக் கேளுங்க சகல. மூஞ்சியில கதவச் சாத்துன மாதிரி நிக்குது. அவரு அங்க நிறுத்தல. மெதுவா விட்டுக்கிட்டே போறாரு. அது போயி முடியறதே அந்த இரைச்சலுக்குள்ளதான். இரைச்சல வழிச்சு எடுத்தா அதுவும் சேர்ந்து போயிடுது."

நூலகர் அம்மாவிடம் அனுமதி வாங்கி, பள்ளியில் இருந்த பழைய தட்டுகளின் ஒலியை ஒரு பதிவுப் பெட்டியில் ஏற்றி வந்தார். தானே சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னபோது அக்கா, "வீட்டு ஒட்டடைய அடிக்க ஆளக் காணோம்" என்றார். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கீறலாக எடுத்தார். மூன்று நிமிஷப் பாட்டில் ஆயிரக்கணக்கில் கீறல். ஒன்றை எடுப்பார், கேட்பார். ஸ்வரத்தின் ஓரம் தேய்ந்ததாகத் தோன்றினால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். நாள் முழுக்கத் தெரு இரைச்சலுக்குள் புகுந்து ஒழுகலைத் தேடுகிறவருக்கு இந்த இரைச்சல் பழகிய தெருதான்.

இதில் அவருக்கு ஒரு வீம்பு. இந்த வேலைக்கான மென்பொருளில் ஒலியைப் படமாகவும் காட்டுவார்கள், கனத்த ஒலி கீழே, சன்னமானது மேலே. சகலை அந்தப் படம் வருகிற மேல்பாதித் திரையில் சட்டைப் பெட்டியின் அட்டையை வெட்டி ஒட்டிவிட்டார். "பாத்தா கண்ணுதான் வேலை செய்யும். காது தூங்கிடும்" என்பது அவர் கட்சி. ராடு பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தத் திமிர் உண்டு. கண்ணை மூடியே பிழைத்தவர்கள் அல்லவா.

முதல் பாட்டை முடிக்க ஏழு மாசம் ஆனது. பள்ளியில் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் வீட்டில் கேட்கலாம் என்று எங்களைக் கூப்பிட்டார். புதுச்சட்டை போட்டிருந்தார். பாட்டு ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிலிர்த்தது. கடைப் பதிப்பில் பொம்மை மாதிரி நின்ற ஆள், இங்கே அறைக்குள் வந்து நின்று ஊதினார்.

என் மனைவி அவருக்குக் கொழுந்தியாள். அந்த உரிமையில் அவரை வம்புக்கு இழுக்காமல் அவளால் இருக்க முடியாது. "மாமா, பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. அந்தக் கொசுவ மட்டும் அடிச்சிட்டீங்கன்னா தேவல" என்றாள்.

"எந்தக் கொசு?"

"அதான், ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் சன்னமா ஒண்ணு கத்துதே. ஏங்க, உங்களுக்குக் கேக்குதில்ல?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "கேக்குது. ரெக்கார்டோட சேர்ந்ததுன்னு நெனச்சேன்" என்றேன்.

சகலை மறுபடி போட்டார். சத்தத்தைக் கூட்டினார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தார். பதிவுப் பெட்டியின் மின்வயர் கிளப்பிய விசில் அது என்று பிறகு தெரிந்தது. இரைச்சலைக் குறைக்கக் குறைக்க அது தனியாக வெளியே வந்திருக்கிறது. ஏழு மாசமாக அவர் அதன் மேலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. வாசலில் கைத்துண்டோடு நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு நாளா?" என்றார் சகலை.

"ஒரு வருஷம் இருக்கும். துணி மெஷின் முடிஞ்சா கூவும்ல, அது உங்களுக்குக் கேக்கல. அப்புறம் காய்ச்சல் பாக்கிற கருவி. நான் பாட்டுக்கு எழுந்து போய் நிறுத்திட்டு வந்துடுவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க காதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. பாட்டக் கேக்க மாட்டீங்க."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள் மேல் கோபம், என் மேல் அதைவிட. காது டெஸ்ட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள் நான் ஒரு யோசனை சொன்னேன். டெஸ்ட் அறைக்குக் கண்ணாடி ஜன்னல் உண்டு. சத்தம் வரும்போது பரிசோதிக்கிற அம்மா ஒரு பட்டனை அழுத்துவார். அதைப் பார்த்து நான் வெளியே நின்று மூக்கைச் சொறிகிறேன், நீங்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். சகலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் தப்பா வட்டம் போட்டா தோண்டப் போறது நீங்கதான் சகல" என்றார்.

டெஸ்ட் முடிந்து அந்த அம்மா தாளைக் காட்டினார். கோடு பாதி தூரம் நேராக வந்து, பிறகு மாடிப்படி மாதிரி இறங்கிப் போயிருந்தது. "மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் உங்க காது இளவட்டத்துக் காது. அதுக்கு மேல, சத்தம் கீச்சுனு சன்னமாகிற எடத்துல, சரியுது. நாலாயிரத்துக்கு மேல அநேகமா ஒண்ணும் இல்ல. வயசு, அவ்வளவுதான். உங்க மேல தப்பில்ல."

அந்தத் தாளை சகலை தானே எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவு இன்ஜினியர் அம்மாவிடம் போனார். கூடவே ராடையும் எடுத்துப் போய் மேசை மேல் வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், பைப் ஒழுகற சத்தமெல்லாம் ஆயிரத்துக்குள்ள அடங்கிடும். அறுநூறு குழியில பத்தொம்போதுதான் பொய். அந்த மிஷின வச்சு எவனாவது இப்படிச் சொல்லட்டும், நான் மீசைய எடுத்துடறேன்" என்று கத்தினேன்.

இன்ஜினியர் அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும். நாலாயிரம் வரைக்கும் கேக்கணும்னு விதி வச்சது பைப்புக்காக இல்ல. கண்ண மூடிக்கிட்டு ரோட்டுல நிக்கிறாரு. பின்னால சைக்கிள் மணி அடிச்சா கேக்க வேணாமா?" என்றார்.

எனக்கு இது இத்தனை வருஷம் தோன்றவே இல்லை. "அப்ப பின்னால ஒரு ஆள் நின்னா போதுமா?" என்றேன்.

"போதும். அவரு வேலை ஆரம்பிக்கிற காலைல அஞ்சு மணிக்கு யாரு வந்து நிப்பாங்க?"

என் வாய் என்னை எப்போதும் இப்படித்தான் மாட்டிவிடும். அன்றிலிருந்து விடிந்தும் விடியாமலும் எழுந்துபோய் அவர் முதுகுக்குப் பின்னால் சிவப்புத் துணியோடு நிற்கிறேன். என் வேலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ராடு தப்பியது. ஆனால் கார்னெட்டை அவர் தொடவில்லை. சின்ன அறை நாலு ஞாயிறு பூட்டிக் கிடந்தது. "ஒழுகல் வேற. அது தண்ணி. இவரு மனுஷன். பாதி கேக்கற காத வச்சுக்கிட்டு இவர் மேல கை வைக்கக் கூடாது" என்றார். செய்து முடித்த பாட்டையும் அழித்துவிடச் சொன்னார். அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் அழிக்கவில்லை. அந்த நாலு வாரமும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. புகார் கவுன்டருக்கு அனுப்பியிருந்தால்கூட அப்படி ஒடுங்கியிருக்க மாட்டார்.

கடைசியில் நான்தான் நூலகர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே வந்தார். டீ வேண்டாம் என்றார். நேராகச் சின்ன அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுத் திரையில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்து எடுத்தார்.

"பாருங்க" என்றார். படத்தில் கீழே கார்னெட் படர்ந்திருந்தது, ஒவ்வொரு ஸ்வரமும் ஏணிப் படிகளாக மேலே ஏறியது. ஒரு உயரத்துக்குமேல் படி இல்லை. வெறும் ஊசி இரைச்சலின் சாம்பல் நிறம், அதில் குறுக்கே ஒரே ஒரு நேர்க்கோடு. "அந்தக் கோடு உங்க வயரோட விசில். அத விடுங்க. கார்னெட் எங்க நிக்குது, பாத்தீங்களா? மூவாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்தக் காலத்துக் கூம்புக்கு அதுக்கு மேல கேக்காது. அவர் ஊதினதுல கூம்புக்குக் கேட்டது மட்டும்தான் இந்த ஒலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கு."

சகலை காது டெஸ்ட் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். ஒரு மாசமாக அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார்.

"அப்ப கூம்புக்கும் எனக்கும் ஒரே காது" என்றார். தாளை மடித்துக்கொண்டே, "இவரு எனக்கு ஒண்ணையும் மறைக்கல" என்றார்.

அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் தெரியாது என்று நினைத்தார் போல. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அதன்பிறகு ஞாயிறு மத்தியானங்களில் என் மனைவியும் அந்த அறையில் உட்கார்ந்தாள். கீழ்ப்பாதி அவர் பொறுப்பு, மேல்பாதி இவள் பொறுப்பு. "மாமா, கொசு", "மாமா, பாம்பு சீறுது", "இப்ப சுத்தம்" என்று இவள் குறி சொல்ல, அவர் எடுத்தார். நடுநடுவே இருவரும் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். இவள் ஒரேயடியாக எல்லா இரைச்சலையும் வழித்துவிடச் சொல்வாள், அவர் விடமாட்டார்.

பள்ளியில் போட்டுக் காட்டிய நாளில் முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஏதாவது ஒன்றை ஊதுகிறவர்கள். சகலை முதல் வரிசையில் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் அவருக்கு நேர் பின்னால். பாட்டு ஆரம்பித்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த ட்ரம்பெட்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார், மூன்று நிமிஷமும் விடவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. கடைசி வரியில் எல்லா வாத்தியமும் நின்றுவிட, கார்னெட் மட்டும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, மெதுவாக இறக்கி, விட்டது.

இரைச்சல் மட்டும் ஓடியது. கைதட்ட எல்லோரும் கையைத் தூக்கினார்கள். சகலை திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். தெருவில் எங்களை அடக்குவாரே, அதே மாதிரி. முப்பது பேரும் தூக்கிய கையோடு நின்றுவிட்டார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு நல்ல காது. இல்லை என்று தலையாட்டினாள். ட்ரம்பெட்காரரும் உதட்டைப் பிதுக்கினார்.

குனிந்து சகலையின் காதருகே, "இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமல் ஆமாம் என்று தலையசைத்தார். அந்த அறையில் எங்கள் எல்லோருக்கும் அந்த மனுஷர் ஊதி முடித்துவிட்டிருந்தார். நாலாயிரத்துக்கு மேல் ஒன்றும் கேட்காத ஒருவருக்கு மட்டும் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து சகலை கையைத் தாழ்த்தினார். அப்புறம்தான் நாங்கள் தட்டினோம்.